தட்டினால் விடணும்

கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே சோலைமணிக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கினாள், பிறகு வெளியே எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஊரில் எல்லாருக்கும் இருக்கிற மாதிரி ஒரு வலது கைதான். முப்பத்தாறு வருஷமாகக் கூடவே இருக்கிறது, சோறு பிசைந்திருக்கிறது, மகளுக்குச் சடை போட்டிருக்கிறது, ஒரு நாளைக்கு நூறு சேலையை உதறி விரித்து, பிடிக்கவில்லை என்று எழுந்து போகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் திரும்ப மடித்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் மட்டும் இப்படி மானத்தை வாங்கிவிட்டது. சனியன் பிடித்த கை. செல்லூர் சமுதாயக் கூடத்தில் காலை ஜூடோ வகுப்பு நடந்துகொண்டிருந்தது, நீல ரப்பர் மெத்தை மேல் இரண்டு ஜோடி உருண்டு கொண்டிருக்க, மற்றவர்கள் சுவரை ஒட்டி உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். முந்தின நாள் அங்கே ஏதோ வரவேற்பு நடந்திருக்க வேண்டும், மேடைச் சுவரில் தெர்மாகோல் எழுத்தில் மாப்பிள்ளை பெயர் முழுசாக இருந்தது, பெண்ணின் பெயர் பாதி பிய்ந்து தொங்கியது, மெத்தைக்கு அடியிலிருந்து நசுங்கிய ரோஜா வாசனையும் ரச வாடையும் கலந்து வந்தன. எச்சில் விழுங்கினால் தொண்டை வலித்தது. பத்து மணிக்குக் கடை. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை, அவள் அதில் பட்டுப் பிரிவு, ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்து இறங்குகிற வாரம் இது. வாரம் முழுக்க மூன்றாம் மாடி ஸ்டாக் ரூமில் சூப்பர்வைசர் சற்குணம் அண்ணனோடு அவள்தான் சரக்குப் பிரிக்க வேண்டும், நேற்றுக் கடை மூடும்போது அண்ணனே பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார். போவதா, உடம்புக்கு முடியவில்லை என்று படுத்துவிடுவதா, இல்லை, நேராக முதலாளி முன்னால் போய் நின்று வாயைத் திறப்பதா? திறந்தால் என்ன சொல்வது? அங்கேதான் இந்தக் கை வந்து குறுக்கே நிற்கிறது.

கை மேல் மட்டும் குற்றம் சொல்லி என்ன, பழக்கிவிட்டது யார்? மகளைச் சேர்த்துவிடத்தான் இங்கே வந்தாள். மகள் பத்து நாள் வந்தாள், மேலெல்லாம் வலிக்குதும்மா என்று ஒரு அழுகை, அதோடு சரி. பணம் கட்டி வாங்கின உடுப்பு வீணாகப் போகிறதே என்று அம்மாக்காரி போட்டுப் பார்த்தாள், பொருந்திவிட்டது, அன்றிலிருந்து ஐந்தரை மணிக்கே எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஓடி வருகிறாள். தாலிக்கொடியைச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வகுப்பு முடிகிறவரை மஞ்சள் கயிறு. மெத்தை மேல் உலோகம் ஆகாது, மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் கூடாது என்பது பெனாசிர் மாஸ்டரின் சட்டம். மாஸ்டர் என்றால் இருபத்தாறு வயதுப் பெண், ஒல்லி, பார்த்தால் காலேஜில் படிக்கிறவள் மாதிரி இருப்பாள், ஆம்பளையாள் எல்லாம் அவள் முன்னால் மாஸ்டர் மாஸ்டர் என்று குழைவார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு வைக்கக் கூடாதா என்று யாரோ ஒரு தகப்பனார் கேட்டதற்கு, "ஏன் சார், தெருவுல உங்க மகளைப் பொம்பளைங்க மட்டுந்தான் வம்பு பண்றாங்களா?" என்று கேட்டு அனுப்பினவள். முதல் நாள் விழுவதற்குக்கூடச் சொல்லித் தரவில்லை, தட்டத்தான் சொல்லித் தந்தாள். பிடி தாங்கவில்லையா, மூச்சு முட்டுதா, பயமாக இருக்கா, எதிராளி மேலயோ மெத்தை மேலயோ ரெண்டு தட்டு. தட்டினா விடணும். காரணம் கேக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம்னு பாக்கக் கூடாது, தட்டினா விடணும். "இது மட்டும் ஒழுங்கா இருந்தாத்தான் ஆணும் பெண்ணும் ஒரே மெத்தையில நிக்க முடியும், புரியுதா?" புரிந்தது என்று எல்லாரோடும் சேர்ந்து சோலைமணியும் தலையை ஆட்டினாள். புரிந்தது மறுநாள்தான். ஜெயசீலன் என்று ஒருத்தன், மின்வாரியத்தில் லைன்மேன், கம்பம் ஏறி ஏறிக் கையெல்லாம் தேக்குக் கட்டை, அவளைவிட எட்டு வயது சின்னவன். அவன்தான் அவளுக்கு ஜோடி. அவளைத் தொடுவதற்கு அவளைவிட அவன்தான் கூச்சப்பட்டான். ஒவ்வொரு பிடிக்கும், "பிடிக்கவாக்கா?" என்று கேட்பான், கல்யாண வீட்டில் பாயசம் ஊற்றவா என்று கேட்கிற மாதிரி. அந்தத் தேக்குக் கட்டை அவள் மேல் மலையாக விழுந்து கிடந்த அன்றைக்கு, விரலால் இரண்டு தட்டுத்தான் தட்டினாள், அதுவும் பாதித் தட்டு. மலை எழுந்து போய்விட்டது. சோலைமணிக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. போதும் என்று சொன்னதும் ஒரு ஆம்பளை போதும் என்று எடுத்துக்கொண்டது அவள் வாழ்க்கையில் எத்தனை தடவை நடந்திருக்கிறது? துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேர்வை கண்ணுல போயிருச்சு என்றாள்.

அதற்கப்புறம் கை தட்டு தட்டு என்று தட்டிக்கொண்டே திரிந்தது. வீட்டில் தூக்கத்தில் வீட்டுக்காரர் கை மேலே விழுந்தால் இரண்டு தட்டு. "ஏய், என்னைய என்ன உன் லைன்மேன்னு நெனச்சியா" என்று முனகிக்கொண்டே எடுத்துவிடுவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் பொண்டாட்டி என்னையத் தூக்கிக் கடாசிருவா என்று சொல்லிச் சிரிக்கிற மனுஷன், நல்ல மனுஷன்தான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கம்பியைத் தட்டினால் நிறுத்தத் தெரிந்தவர். பல் டாக்டரிடம் போனபோதும் அப்படித்தான். கடைவாய்ப் பல்லை அவர் குடைந்த குடையலில் உயிர் போய்விட்டது, வாய் நிறையக் குழாயும் பஞ்சும், கத்தவும் முடியாது, கை தானாக நாற்காலிப் பிடியில் டப் டப் என்று தட்டியது. டாக்டர் மிஷினை நிறுத்திவிட்டு, "வலிக்குதாம்மா?" என்றார். அதைச் சொல்லி வகுப்பில் எப்படிச் சிரித்தார்கள். ஜெயசீலன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பாகத்தான் இருந்தது நேற்றுவரைக்கும்.  இரண்டு ஜோடியில் ஒரு ஜோடி முடிந்து எழுந்தது, அடுத்த இருவர் போனார்கள், சோலைமணி ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தாள். தள்ளி உட்கார்ந்த இடத்தில் மெத்தை ஈரமாக இருந்தது. மாஸ்டர் இன்றைக்குப் பார்த்து எதைச் சொல்லித் தருகிறாள் பாருங்கள், பின்னால் இருந்து கழுத்தில் கை போட்டு இறுக்குகிற பிடி. வேறு பிடியே கிடைக்கவில்லையா இந்த உலகத்தில்?

நேற்றுச் சாயங்காலம் நாலு, நாலேகால் இருக்கும். மேல் தட்டிலிருந்து சாஃப்ட் சில்க் பண்டல் ஒன்றை இறக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கஞ்சி வாசனை, பாச்சா உருண்டை வாசனை. சற்குணம் அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, கராத்தே எல்லாம் கத்துக்கிறியாமே, ஸ்டெல்லா சொன்னா." "ஜூடோண்ணே." "ஏதோ ஒண்ணு. எங்க, காட்டு பாப்போம்." அவ்வளவுதான், பின்னாலிருந்து கை வந்து கழுத்தைச் சுற்றிவிட்டது. அவள் சிரித்தாள். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, முதலில் சிரிக்கத்தான் செய்தாள், விடுங்கண்ணே என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கை இறுகியது. வாட்சின் ஸ்டீல் பட்டை தாடைக்கு அடியில் தோலைக் கவ்வியது. விடுங்கண்ணே என்பது இரண்டாம் தடவை சத்தமாக வரவில்லை. தாடையை இறக்கு, கையைப் பிடித்து இழு, இடுப்பைக் கொடு, குனி. நாலு மாசமாகச் செய்கிறாளே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே, ஜெயசீலன் மாதிரித் தேக்குக் கட்டையையே புரட்டிப் போட்டிருக்கிறாளே. பண்டல் கீழே விழுந்தது. அவள் கை விடுபட்டது. விடுபட்ட கை என்ன செய்தது? அடித்ததா? பிடித்து இழுத்ததா? அண்ணனின் முழங்கை மேல் டப் டப் என்று இரண்டு தட்டு. தட்டிவிட்டுக் காத்திருந்தாள். ஐயோ, அதுதான் தாங்கவில்லை, ஆட்டோவில் கம்பியைத் தட்டிவிட்டு இறங்கத் தயாராகிற மாதிரிக் காத்திருந்தாள். அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். மூச்சு அவள் காதுக்குப் பக்கத்தில் வந்தது, பவுடர் வாசனையோடு. கை இன்னொரு சுற்று இறுகியது. கண்ணில் பூச்சி பறந்தது. அப்புறம் படிக்கட்டில், "அண்ணே, கஸ்டமர் சத்தம் போடுறாங்க" என்று கூட வேலை பார்க்கிற ஸ்டெல்லாவின் குரல். கை போய்விட்டது. "இம்புட்டுத்தானா உன் கராத்தே?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் இறங்கிப் போனார், சாவிக்கொத்து ஒவ்வொரு படிக்கும் ஆடியது.

கீழே இறங்கி வந்து சொன்னதற்கு, விளையாட்டுதான் என்றாள் ஸ்டெல்லா. "அண்ணே எல்லார்கிட்டயும் அப்படித்தான்டி, விளையாட்டுப் புத்தி. நீ வேற அதையெல்லாம் மனசுல போட்டுக்கிட்டு." இருக்கலாம். லீவு கேட்டால் இல்லையென்று சொல்லாத மனுஷன், மழை நாளில் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வரச் சொல்கிற மனுஷன். விளையாட்டாகத்தான் இருக்கும். இங்கே நடப்பதும் விளையாட்டுதானே, அதோ அந்தப் பையன் இன்னொருத்தன் கழுத்தைப் பிடித்து முறுக்குகிறானே, அது என்ன சண்டையா? ஆனால் இங்கே தட்டினால் விடுகிறார்கள். அங்கே தட்டியும் விடவில்லை. சரி, விடவில்லை, தட்டினால் விடணும் என்று அண்ணனுக்கு யார் சொல்லித் தந்தது? அது இந்த ஹாலுக்குள் இருக்கிற சட்டம். அவருக்குத் தெரியாது. தெரியாத ஆளைத் தட்டிவிட்டு ஏன் விடவில்லை என்று கேட்டால் அது யார் தப்பு? முதலாளி கேட்பார், நீ என்னம்மா செய்தாய் என்று. தட்டினேன் ஐயா. தட்டினாயா? எங்கே தட்டினாய்? கையில் தட்டினேன். எதற்கு? முதலாளியின் முகமும், கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அவர் சம்சாரம் உதட்டைக் கடித்துக்கொள்வதும் கண் முன்னால் வந்து நின்றன. அதைவிட மோசமான ஒன்று விடியற்காலை இட்லித் தட்டைக் கழுவும்போது மனசில் வந்தது, வந்ததிலிருந்து அவளை உட்காரவிடவில்லை. தட்டிக் கொடுத்ததாக நினைத்திருந்தால்? ஒரு பொம்பளை, தனியறையில், கழுத்தில் கை போட்டதும் முதலில் சிரிக்கிறாள், அப்புறம் கையை மெல்ல இரண்டு தட்டுத் தட்டுகிறாள் என்றால், நல்லாத்தான் இருக்கு, பரவாயில்லை என்று சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தால்? அதனால்தான் இன்னும் இறுக்கினாரோ? இந்த வாரம் பூரா என் பெயரைச் சொல்லிக் கேட்டது அதனால்தானோ? சே. சே. அவள் கையைத் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான், கொசு என்றாள். வீட்டுக்காரரிடம் சொல்லலாம். சொன்னால் இரண்டில் ஒன்று, ஒன்று ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு கடை வாசலில் போய் நிற்பார், இல்லையென்றால், இதுக்குத்தானா தினம் காலங்காத்தால ஓடின என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். இரண்டாவதுதான் பயமாக இருந்தது. தொண்டை கட்டிக்கிச்சு என்று மட்டும் சொன்னாள், மனுஷன் எழுந்து உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார், அதைக் கொப்பளிக்கும்போது கண் கலங்கியது, உப்பு ஜாஸ்தியா என்றார். எத்தனை நாள் பழகினாலும் சமயத்தில் ஒன்றுக்கும் உதவாது என்றால் இங்கே எதற்கு வருவது? இன்றோடு நிறுத்திவிடலாம். உடுப்பைத் துவைத்து மாஸ்டரிடமே கொடுத்துவிட்டு, கடைக்கும் போகாமல், வேறு எங்காவது பாத்திரக் கடையில்.

"சோலைமணியக்கா, ஜெயசீலன், வாங்க." போனாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதலில் அவன் பிடிக்க வேண்டும், பிறகு அவள். பின்னால் அவன் முட்டி போடுகிற சத்தம், வேர்வையும் சோப்பும் கலந்த வாசனை. பவுடர் இல்லை. "பிடிக்கவாக்கா?" "ம்." கை வந்தது. மெதுவாகத்தான் வந்தது, வாட்ச் இல்லாத வெறும் கை, ஆனாலும் தாடைக்கு அடியில் நேற்றைய இடம் எரிந்தது, உடம்பு முழுக்க ஓடிவிடு ஓடிவிடு என்றது. தட்டக் கூடாது. செத்தாலும் இன்றைக்கு இந்தக் கை தட்டக் கூடாது. கையை இடுப்பு பெல்ட்டுக்குள் சொருகிப் பிடித்துக்கொண்டாள். அவன் இறுக்கினான், வழக்கம்போல அளவாக, அவள் தட்டட்டும் என்று நிறுத்தினான், தட்டவில்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கினான். காதில் கிய்யென்று ஒரு சத்தம். மேடைச் சுவரில் பாதிப் பெயர்த் தெர்மாகோல் இரண்டாகத் தெரிந்தது. கை பெல்ட்டுக்குள் துடித்தது, பிடித்த கோழி மாதிரி. விடமாட்டேன் என்று நினைத்தாள், யாரை விடமாட்டேன் என்று தெரியவில்லை. திடீரென்று கழுத்து லேசானது. ஜெயசீலன் அவளைத் தோளைப் பிடித்து உட்கார்த்திவைத்து முன்னால் வந்து முகத்தைப் பார்த்தான், அவன் முகம் வெளுத்திருந்தது. "ஏங்க்கா தட்டல? நீங்க அப்படியே சாயிறீங்க, எனக்கு உசிரே போயிருச்சு." மறந்துட்டேன் என்றாள். மாஸ்டர் வந்து நின்றாள். "மறக்கிற விஷயமா அது? தட்ட மாட்டேன்னா வீட்டுக்குப் போங்க. வீராப்பு காட்டுற இடமில்ல இது. தண்ணி குடிச்சிட்டு வந்து மாத்திப் பண்ணுங்க."

தண்ணீர் குடித்தாள், இறங்கவில்லை, பாதி உடுப்பில் சிந்தியது. தட்டாமலே விட்டுவிட்டானே என்று ஒன்று மனசில் வந்து முட்டியது. அதைப் பிடித்து உட்கார்த்திவைத்து யோசிப்பதற்குள் ஜெயசீலன் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான், நம்பி உட்கார்ந்திருக்கிற முதுகு, பிடரியில் வெயிலில் கறுத்த கோடு. அவள் கையைக் கொடுத்தாள். வலது கை அவன் கழுத்தைச் சுற்றிப் போனது, இடது கை வந்து பூட்டியது, நெஞ்சை முதுகோடு ஒட்டி இறுக்கினாள், சொல்லிக் கொடுத்தபடி, ஒரு பிசகு இல்லாமல். அவன் தட்டினான். டப் டப். சோலைமணி விடவில்லை. அப்படிச் செய்யப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் தட்டினது முழங்கைக்கு மேலே விழுந்தது, காதால் கேட்க வேண்டிய தேவையே இல்லை, எலும்புக்குள் போய்க் கேட்டது, தோள்வரைக்கும், பல்வரைக்கும் கேட்டது. இதையா தெரியாது என்று சொல்வது? இதையா தட்டிக் கொடுக்கிறாள் என்று நினைப்பது? கழுத்துக்குள் அவன் நாடி கிடந்து அடிப்பது அவள் கைக்குத் தெரிகிறது, அவன் பயம் தெரிகிறது, விட்டுவிடு என்பது தெரிகிறது, இத்தனையும் தெரிந்த கை தானாகவே தளரப் பார்க்கிறது. விடுவதற்கு அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விடாமல் இருப்பதற்குத்தான் தனியாக ஒரு தடவை மனசு வைக்க வேண்டியிருக்கிறது, வேண்டுமென்றே, பல்லைக் கடித்துக்கொண்டு. பல் டாக்டருக்கு எந்த மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார்? அவன் இரண்டாம் தடவை தட்டக் கையைத் தூக்கினான். அதற்குள் விட்டுவிட்டாள். ஒரு மூச்சு நேரம்தான் எல்லாம்.

ஜெயசீலன் குனிந்து இருமினான். இருமிக்கொண்டே, "தட்டினேனேக்கா" என்றான், குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு அவனே, "தெரிஞ்சிருக்காது, பரவால்லக்கா" என்றான். "தெரிஞ்சுச்சு ஜெயசீலா. முதத் தட்டுலயே தெரிஞ்சுச்சு. என்னைய மன்னிச்சிரு." மாஸ்டர் வேகமாக வந்தாள், திட்டுவதற்குத்தான் வந்தாள். சோலைமணி உடுப்பின் காலரை விலக்கித் தாடையைத் தூக்கிக் காட்டினாள், ஸ்டீல் பட்டை கடித்த இடம் வரி வரியாகச் சிவந்திருந்தது. "நேத்துக் கடையில சூப்பர்வைசர் என் கழுத்தைப் பிடிச்சான் மாஸ்டர். நான் தட்டினேன். எனக்கு வேற ஒண்ணும் வரல, தட்டத்தான் வந்துச்சு. தட்டினதும் இன்னும் இறுக்கினான்." மாஸ்டர் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "என்ன செய்யப் போறீங்க?" "பத்து மணிக்கு முதலாளி வருவாரு. அவர் முன்னால சொல்லப் போறேன்." "நான் வேணும்னா வரேன். ஆனா அவங்க கேப்பாங்கக்கா. விளையாட்டுக்குச் செஞ்சதும்பாங்க. உங்க வகுப்பு வழக்கமெல்லாம் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்வீங்க?" சோலைமணி கையைப் பார்த்தாள். மடியில் சும்மாதான் கிடந்தது. "அவனுக்குத் தெரியும்" என்றாள். "விடாமப் பிடிச்சிருக்கிறவனுக்கு நல்லாத் தெரியும் மாஸ்டர். நான் இப்பத்தான் பிடிச்சுப் பாத்தேன்."